மணிக்கட்டுக் கும்மி

ஊருக்கு நல்லது சொல்லி ஆடுகிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: ஆட்டம் முடிந்ததும் வேனில் ஏறிவிடலாம், நல்லது நடந்ததா என்று நின்று பார்க்க வேண்டியதில்லை.

மைக்கைப் பிடித்து நாலு பேருக்கு நல்லது சொல்லப் போய், திரும்பி வரும்போது யாரிடமும் பேசப் பிடிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். சுகாதார நர்சம்மாக்கள், மகளிர் குழுவுக்குக் கூட்டம் போடுகிறவர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

நான் ஸ்டெல்லா. ஆவூர்ப் பக்கம். சர்ச் திருவிழாவில் ஆட ஆரம்பித்து, இப்போது ஒரு விழிப்புணர்வுக் கலைக்குழுவில் கும்மியும் ஒயிலும் ஆடுகிறேன். பாட்டு எழுதி ஆட்டம் பழக்குவது எங்கள் வாத்தியார். தப்பு அடிப்பது முருகேசன். கொசு, கழிப்பறை, சின்ன வயசுக் கல்யாணம் என்று எதைக் கொடுத்தாலும் பாட்டாக்கிவிடுவோம். மெட்டு ஒன்றுதான், கொடுமை மட்டும் மாறும். போன வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் கந்தர்வக்கோட்டைப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் ஆடக் கூப்பிட்டது. வறுத்த முந்திரிக்கொட்டையை உடைக்கிற பெண்களுக்கு ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டுக் கையெல்லாம் வெந்து போகிறது, கையுறை போடச் சொல்லி ஆட வேண்டும் என்றார்கள். சரி என்று கிளம்பினோம்.

கஞ்சி குடிக்கலையா?

கும்மிக்கு ஒரே விதிதான். ஒருத்தி பாடுவாள், சுற்றி நிற்கிறவர்கள் கைதட்டிக்கொண்டு அதையே திருப்பிப் பாட வேண்டும். இதை மைக்கில் சொல்லிவிட்டு, தோப்புப் பெண்களை மரத்தடியில் வட்டமாக நிறுத்தினேன். "கையுறையைப் போட்டுக்கடி கண்ணம்மா" என்று எடுத்துக் கொடுத்தேன். அவர்களும் "கையுறையைப் போட்டுக்கடி கண்ணம்மா" என்று சுருதி பிசகாமல் திருப்பினார்கள். என்ன குரல் என்கிறீர்கள். தொண்டு நிறுவனத்து சாருக்கு வாயெல்லாம் பல். எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

குரல் வந்தது, தட்டுச் சத்தம் மட்டும் வரவில்லை. டொக் டொக் என்று என்னவோ கேட்டது. எனக்கு வாய் சும்மா இருக்காதே. "ஏத்தா, காலையில கஞ்சி குடிக்கலையா? கையில சத்தமே வரலையே" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், உள்ளங்கையை வெளிப்பக்கம் விரித்துக்கொண்டு மணிக்கட்டோடு மணிக்கட்டை முட்டி ஆடுகிறார்கள். எனக்குத் தெரியாத தினுசு. பாராட்டுவோமே என்று, முன்னால் நின்ற பெண்ணிடம், இது எந்த ஊர்க் கும்மி என்று கேட்டேன். சரண்யா என்று பெயர், இருபத்தைந்து வயசு இருக்கும். அவள் கையைத் திருப்பிக் காட்டினாள். உள்ளங்கை கறுத்து, தோல் வெடித்து, அங்கங்கே சிவப்பாகத் தெரிந்தது. எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"ஊர்க் கும்மியெல்லாம் இல்லக்கா. உள்ளங்கை ரெண்டும் பட்டா தோலு உரிஞ்சிரும். அதான் மணிக்கட்டால தட்டுறோம்."

கையுறை சௌக்கியம்

கொஞ்ச நாள் கழித்து அதே தோப்புக்கு மறுபடியும் போனோம். இதற்குள் எல்லாருக்கும் கையுறை கொடுத்திருந்தார்கள். ஒருத்தி கையிலும் இல்லை. விசாரித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உத்தியோகம் பார்க்கிறது. ஒன்று வறுக்கிற சட்டியை இறக்கப் பிடிதுணியாகிறது. ஒன்றுக்குள் செல்போனைப் போட்டு முடிச்சுப் போட்டுத் தூசி படாமல் வைத்திருக்கிறார்கள். ஓர் அக்கா, மகள் காலேஜில் லேப் வகுப்புக்கு ஆகும் என்று பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாராம்.

எனக்குக் கோபம் வந்தது. தொண்டை கிழியப் பாடியது நான் அல்லவா. சரண்யா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் கையுறையை மாட்டிவிட்டு, ஒரு கொட்டையை வைத்துக் கட்டையால் தட்டச் சொன்னாள். தட்டினேன். பருப்பு நாலாகப் போனது. இன்னொன்று, அதுவும் நாலு. முழுப் பருப்பு வந்தால்தான் கூலி கூலியாக இருக்கும், நொறுங்கினால் தோப்புக்காரர் முகம் சுளிப்பார். கட்டை எந்த இடத்தில் விழுகிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும், ரப்பருக்குள் இருக்கிற விரலுக்கு என்ன தெரியும்? அதெல்லாம் சரி, பிறகு ஏன் போட்டுக்கடி போட்டுக்கடி என்று அன்றைக்கு அப்படிப் பாடினீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கதானக்கா சொன்னீங்க, பாடுறதைத் திருப்பிப் பாடணும்னு. நீங்க பாடுனீங்க, நாங்களும் பாடுனோம். போடுறதைப் பத்தி யாரு பேசுனா?"

முழங்கையில் ஒரு பிள்ளை

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சரண்யாவின் மாமியார் அவளுடைய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்றரை வயசுப் பெண் குழந்தை. அம்மாவைப் பார்த்ததும் தத்தக்கா பித்தக்கா என்று ஓடி வந்தது. சரண்யா குனிந்து, இரண்டு முழங்கைக்கும் நடுவில் அதைக் கவ்வித் தூக்கினாள். உள்ளங்கைகள் இரண்டும் பிள்ளைக்குப் பின்னால் அந்தரத்தில் விரிந்து நின்றன. எனக்குப் பதறிவிட்டது. நழுவினால் என்ன ஆவது? புள்ளையை இப்படியா தூக்குவாங்க என்று ஒரு சத்தம் போட்டேன்.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். போன சீசனில் வேலை முடிந்த கையோடு பிள்ளையின் கன்னத்தைத் தடவியிருக்கிறாள். அங்கே வெந்து, புண்ணாகி, நீர் கோர்த்து, பிள்ளை பால் குடிக்கக்கூடத் திணறியிருக்கிறது. அன்றிலிருந்து சீசன் முடிகிறவரை உள்ளங்கையால் தொடுவதில்லை. அந்த எண்ணெயைச் சூடு ஆறும் முன்னே சோப்புப் போட்டுக் கழுவினால் முக்கால்வாசி போய்விடும், காய்ந்துவிட்டால் விடாது. தோப்பில் குடிக்கக் கொண்டுவருகிற தண்ணீர்தான், கழுவ ஏது? வேலிக்கு அந்தப் பக்கம் கடலைக் கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

"அங்கிட்டு ஓடுற தண்ணியில ஒரு குழாய் இங்கிட்டு வந்தாப் போதும்க்கா. கையுறையை நீங்களே வச்சுக்கங்க. எம் புள்ளையை நான் கையால தூக்கணும்."

காதில் விழுந்தால் சரி

தொண்டு நிறுவனத்து சாரிடம் சொன்னோம். நல்ல மனுஷர்தான். ஆனால் இந்தத் திட்டம் கையுறைத் திட்டம், தண்ணீர் வேறு திட்டம், அது தங்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டார். வேனில் வரும்போது வாத்தியாருக்கு ஒரு யோசனை வந்தது. கையுறைத் திட்டத்தின் நிறைவு விழாவுக்கு ஒன்றிய ஆபீஸிலிருந்து அதிகாரி வருகிறார், தோப்புக்காரரும் வருவார். அன்றைக்கு நாம் பாட வேண்டாம், சரண்யாவே முன்னால் நின்று பாடட்டும், வேண்டியதைப் பாட்டிலேயே கேட்கட்டும் என்றார். எங்கள் எல்லாருக்கும் அது பெரிய யோசனையாகத்தான் பட்டது. எனக்கும்தான்.

பாட்டை அவளே கட்டினாள். வாத்தியார் ஒரே ஒரு இடத்தில் தாளத்துக்காக ஒரு சொல்லை நகர்த்தினார், அவ்வளவுதான்.

கொட்டை ஒடச்சுக் கறுத்த கை – பெத்த
கொழந்தையத் தூக்கத் தவிக்கிற கை
கொழாயி ஒண்ணு போட்டுத் தாங்க – நாங்க
கொஞ்சணும் புள்ளையக் கை கழுவி

தோப்பு ஓரத்தில் வைத்துப் பழகினோம். அந்தப் பெண் ஆடுவதைப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்தது. நான் வருஷக்கணக்கில் பழகிய குதிப்பு அவளுக்குச் சும்மா வந்தது. தோப்புக்காரருக்கு முன்னால் இப்படிக் கேட்கலாமா, கோபித்துக்கொண்டு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வாய் என்று கூட இருந்த பெண்கள் பயந்தார்கள். பாட்டில் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று வாத்தியார் தைரியம் சொன்னார். சரண்யா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிட்டாக்கூடப் பரவாயில்ல சார். காதுல விழுந்தாச் சரி."

அதிகாரி குரல் நல்ல குரல்

விழா அன்றைக்குத் தோப்பு வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, குளிர்ந்த மோர் எல்லாம் தடபுடலாக இருந்தது. அதிகாரி நடு நாற்காலியில். பக்கத்தில் தோப்புக்காரர், வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை மாதிரி. சரண்யா யாரிடமோ இரவல் வாங்கிய பச்சைப் புடவை கட்டியிருந்தாள். மாமியார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பந்தல் காலைப் பிடித்தபடி நின்றார். இன்றைக்குக் கேட்டுவிடுவாள், இன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த வாரம் குழாய் வந்துவிடும் என்று எல்லாருக்கும் நம்பிக்கை.

தொண்டு நிறுவனத்து சார் மைக்கைப் பிடித்தார். வந்திருப்பவர்களும் சேர்ந்து ஆட வேண்டும், இது மக்கள் கலை, பாடுவதை அப்படியே திருப்பிப் பாடினால் போதும் என்று விதியை விளக்கினார். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் வந்துவிட்டார். அவர் வந்தால் தோப்புக்காரர் உட்கார்ந்திருக்க முடியுமா, அவரும் வந்தார். கும்மிக்குள் ஆம்பளை ஏது என்று பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே இடம் விட்டார்கள். சரண்யா முதல் இரண்டு அடியைப் பாடினாள். திருப்பினார்கள். மூன்றாவது அடி வந்தது. அவள் நேராக அதிகாரியைப் பார்த்துக் குனிந்து, "கொழாயி ஒண்ணு போட்டுத் தாங்க" என்றாள். அதிகாரியும் அவளைப் பார்த்துக் குனிந்து, பளீர் பளீரென்று உள்ளங்கையைத் தட்டி, "கொழாயி ஒண்ணு போட்டுத் தாங்க" என்று பாடினார். பிசிறில்லாத குரல். தோப்புக்காரர் அதைவிட உரக்கப் பாடினார். அவள் இன்னும் எடுப்பாகக் கேட்டாள். அவர்களும் இன்னும் எடுப்பாகக் கேட்டார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தினால் வாயால் நேராகக் கேட்கலாமே என்று முருகேசனுக்குக் கையைத் தூக்கிக் காட்டினேன். எங்கள் குழுவில் கையைத் தூக்கினால் வேகத்தைக் கூட்டு என்று அர்த்தம். பாவி மனுஷன் அடி பின்னிவிட்டான். வட்டம் சுற்றோ சுற்று என்று சுற்றியது. எல்லாரும் எல்லாரிடமும் குழாய் கேட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஒரே கைதட்டல். சரண்யாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், வரிசையாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவள் "சார், அந்தக் குழாய்..." என்று ஆரம்பிப்பதற்குள் அதிகாரி முந்திக்கொண்டார். "ரொம்ப அருமைம்மா, எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு பாரு" என்று, அந்த அடியை இன்னொரு முறை பாடிக் காட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். புழுதி அடங்குகிறவரை அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொன்னாடை ஒரு தோளில் இருந்து நழுவிக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது, நான் கேட்டதை எங்கிட்டயே திருப்பிக் கேட்டுட்டுப் போறாங்க?"

மெட்டில்லாமல்

எனக்கு மனசு ஆறவில்லை. பாட்டும் வேண்டாம் மெட்டும் வேண்டாம் என்று, நாலு நாள் கழித்துத் தோப்புக்காரர் வீட்டுக்கே போனேன். மகராசன், காப்பி கொடுத்து உபசரித்தார். குழாய் விஷயம் என்றதும், "அதான் பிரமாதமா பாடிட்டீங்களே" என்று அந்த மெட்டை முணுமுணுத்தார். பாட்டு முடிந்தது, குழாய்தான் பாக்கி என்றேன். அப்போதுதான் விவரம் வந்தது. அந்தக் கடலைக் கொல்லையும் மோட்டாரும் அவருடைய பங்காளியுடையது. அப்பா காலத்து வரப்புத் தகராறு, இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது, நல்லது கெட்டதுக்கும் போவதில்லை. தோப்பிலேயே போர்வெல் போடக்கூடாதா என்றால், முந்திரிக்குத் தண்ணீர் எதற்கு என்று என்னையே கேட்டார். ஒன்றிய ஆபீஸுக்கும் போய்ப் பார்த்தேன். நம்ம பாடகர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டாராம். தோப்புக்காரர் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பும்போது சொன்னதை மட்டும் எழுதிவிடுகிறேன். கிண்டலாகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார்.

"நம்ம பேச்சு அங்க ஏறாதுங்க. நீங்க வேணா அவன் கொல்லையிலயும் ஒரு ஆட்டம் போட்டுப் பாருங்களேன்."

இந்த சீசன்

இந்த வருஷம் அதே தோப்புக்கு டெங்குப் பாட்டோடு போனோம். தண்ணீரைத் தேங்க விடாதீர்கள் என்று பாட்டு. கை கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் அதைப் பாட எனக்கு வாய் கூசியது, ஆனாலும் பாடினேன். தொழில் அப்படி. பெண்கள் வழக்கம்போல மணிக்கட்டால் தட்டி, வழக்கம்போல அழகாகத் திருப்பிப் பாடினார்கள். குழாய் இல்லை. வேலிக்கு அங்கிட்டு மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சரண்யாவுக்கென்று பையில் தேங்காய் எண்ணெயும் சோப்பும், ஒரு கேனில் தண்ணீரும் கொண்டு போயிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் ஒரு நாளைக்காவது கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டுமே என்று ஆசை.

பிள்ளைக்கு இப்போது இரண்டரை வயசு. வாய் நிறையப் பேச்சு. தப்புச் சத்தம் கேட்டதும் மாமியார் கையை உதறிவிட்டு வட்டத்துக்குள் வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று ஆட ஆரம்பித்தது. உள்ளங்கையை வெளிப்பக்கம் விரித்துக்கொண்டு, மணிக்கட்டோடு மணிக்கட்டை முட்டியது. ஒரு கீறல் இல்லாத பிஞ்சுக் கை. பெண்கள் சிரித்தார்கள். நானும் முதலில் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுபோனது. சரண்யா மட்டும் சிரிக்காமல், பாடாமல், மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மைக்கைக் கக்கத்தில் இடுக்கி மண்டியிட்டு, பிள்ளையின் கை இரண்டையும் பிடித்து, இப்படித் தட்டணும் தங்கம் என்று உள்ளங்கைகளைச் சேர்க்கப் போனேன். அது வெடுக்கென்று கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, டெங்குப் பாட்டுக்கு நடுவில் மைக்கை வைத்துக்கொண்டு அழுதேன். சரண்யாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. பிள்ளை எனக்குப் புத்தி சொல்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு சொன்னது.

"வேணாம்த்தை. தோலு உரிஞ்சிரும்."

விழிப்புணர்வு ஆட்டம் பார்த்தவர்களில், திருப்பிப் பாடியதோடு நிற்காமல் பார்த்ததை அப்படியே செய்தும் காட்டியது இத்தனை வருஷத்தில் அந்த ஒரு பிள்ளைதான், அதுவும் நாங்கள் சொல்லிக்கொடுத்ததை இல்லை.